பி இம்பாக்ட் அசெஸ்மென்ட்: பதினொரு பேர் வேலை பார்க்கும் நோட்டுப் பட்டறைக்கு என்ன பயன்?

நானும் என் தங்கையும் சேர்ந்து நோட்டுப் புத்தகம் தயாரிக்கும் பட்டறை ஒன்றை நடத்துகிறோம். எங்களையும் சேர்த்துப் பதினொரு பேர். மறுசுழற்சித் தாள், நூல் தையல், பிளாஸ்டிக் பூச்சு இல்லாத அட்டை. ஆரம்பித்த நாளிலிருந்தே 'மண்ணுக்கும் மனிதருக்கும் கெடுதல் இல்லாத நோட்டு' என்று சொல்லித்தான் விற்கிறோம். நம்பித்தான் சொன்னோம். ஆறாவது வருஷம், எங்களிடம் மொத்தமாக வாங்கும் ஒருவர், "கெடுதல் இல்லைன்னு எதை வச்சுச் சொல்றீங்க?" என்று கேட்டார். அவர் கடையில் வந்து கேட்பவர்களுக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும், அதனால் கேட்டார். தாள் வாங்கிய ரசீதைத் தவிர எங்களிடம் காட்ட ஒன்றும் இல்லை.

அதற்குப் பதில் தேடப் போய்த்தான் பி இம்பாக்ட் அசெஸ்மென்ட்டில் உட்கார்ந்தோம். இணையத்தில் இலவசமாகச் செய்யக்கூடிய ஒரு கேள்வித்தொகுப்பு இது. பி லேப் என்ற லாபநோக்கற்ற அமைப்பு நடத்துகிறது. 'பி கார்ப்' என்று வட்டத்துக்குள் ஒரு பி எழுத்து போட்ட முத்திரையைச் சில பொருட்களில் பார்த்திருப்பீர்கள். நாங்கள் செய்தபோது அந்தச் சான்றுக்கு வழி இந்தக் கேள்விகள்தான். நாங்கள் இரண்டு முறை, ஒன்றரை வருஷ இடைவெளியில் செய்தோம். இரண்டுமே மதிப்பெண் கொடுக்கும் பழைய பதிப்பு. இப்போது தரநிலை மாறிவிட்டது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்தப் பதிப்பில் நிர்வாகம், பணியாளர்கள், சமூகம், சுற்றுச்சூழல், வாடிக்கையாளர்கள் என்று ஐந்து பகுதிகள் இருந்தன. தொழிலின் அளவையும் வகையையும் பொறுத்துக் கேள்விகள் மாறின, ஏறத்தாழ இருநூறு வந்தன. 80 மதிப்பெண் எடுத்தால் சான்றுக்கு விண்ணப்பிக்க முடிந்தது; அப்புறம் அவர்கள் ஆவணங்களைக் கேட்டுச் சரிபார்த்தார்கள், வருமானத்தைப் பொறுத்து ஆண்டுக் கட்டணமும் இருந்தது. கேள்விகளுக்குப் பதில் எழுதி நம்முடைய நிலையைத் தெரிந்துகொள்வதற்குக் காசு இல்லை. சாதாரண நிறுவனங்கள் எடுத்த மதிப்பெண்ணின் நடுப்புள்ளி 50.9 என்று பி லேப் சொன்னது. முதல் முறை எங்களுக்கு வந்தது 58.3.

ஆறு வருஷமாக நல்லது செய்கிறோம் என்று நினைத்திருந்த இருவருக்கு அந்த எண் உறைத்தது. எங்கே குறைந்தது என்று பார்த்தால், பாதிக்கு மேல் 'செய்கிறோம், ஆனால் பதிவு இல்லை' என்ற இடங்கள். மீதி, நாங்கள் யோசித்தே பார்க்காத இடங்கள். அந்த மீதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மொழிப் பிரச்சினை. கேள்விகள் தமிழில் இல்லை. நானும் தங்கையும் மட்டும் உட்கார்ந்து பதில் எழுதினால் அது எங்கள் இருவருடைய அபிப்பிராயமாகத்தான் இருக்கும் என்பதால், வாரம் இரண்டு நாள் வேலை முடிந்ததும் எல்லோரையும் உட்கார வைத்து, கேள்விகளைத் தமிழில் சொல்லிப் பதில் கேட்டோம். முதல் நாளே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டோம். முடிவு எடுக்கும்போது முதல் போட்டவரை மட்டும் பார்க்காமல், அந்த முடிவு யாரையெல்லாம் பாதிக்குமோ அவர்கள் எல்லோரையும் கணக்கில் எடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி. இந்த இரண்டு சாராருக்கும் தமிழில் பெரும்பாலும் 'பங்குதாரர்' என்ற ஒரே சொல்லைத்தான் புழங்குகிறோம். நானும் அப்படியே சொன்னேன். தையல் பிரிவில் இருக்கும் அக்கா நிமிர்ந்து பார்த்து, "அப்போ நாங்களும் பங்குதாரருங்களா தம்பி?" என்றார்.

கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். பங்கு போட்டவர் வேறு, பாதிக்கப்படுகிறவர் வேறு என்று விளக்கினேன். "சரி, பாதிக்கப்படுகிறவங்கன்னா எங்ககிட்ட எப்போ கேட்டீங்க?" என்று அடுத்த கேள்வி வந்தது. போன வருஷம் பசையை மாற்றியதை நினைவுபடுத்தினார். புதுப் பசை சீக்கிரம் காயும் என்பதால் மாற்றினோம். அதன் நெடியில் அவருக்கு மாலையில் தலைவலி வந்திருக்கிறது; நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தண்ணீரில் கரையும் பழைய பசைக்கே திரும்பிவிட்டோம். ஒரு நாளைக்கு நாற்பது நோட்டு குறைவாக வருகிறது, வரட்டும். இதற்கு மதிப்பெண் ஏதும் கிடைத்ததா என்றுகூட நான் பார்க்கவில்லை.

பணியாளர் பகுதியில் இரண்டு கேள்விகள் எங்களைப் பல நாள் பிடித்து வைத்தன. ஒன்று, மிகக் குறைந்த சம்பளம் வாங்குபவருக்குக் கிடைப்பது வாழப் போதுமான கூலியா என்பது. சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலியைக் கொடுப்பதோடு நம் கடமை முடிந்தது என்று பலரையும் போல நானும் நினைத்திருந்தேன். வாழப் போதுமான கூலி என்பது வேறு கணக்கு. ரிச்சர்ட் ஆங்கர், மார்த்தா ஆங்கர் என்ற இருவர் உருவாக்கிய முறை இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது: சத்தான சாப்பாட்டுக்கு எவ்வளவு, ஒழுங்கான வீட்டுக்கு எவ்வளவு, படிப்பு, மருத்துவம், போக்குவரத்து போன்ற மற்றவற்றுக்கு எவ்வளவு, எதிர்பாராத செலவுக்குக் கொஞ்சம் என்று ஒரு குடும்பத்துக்குத் தேவையானதைக் கூட்டி, வேலைக்குப் போகிறவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். உதவியாளாக இருக்கும் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு அதைக் கூட்டிப் பார்த்தோம். எங்கள் சம்பளம் அதில் நூற்றுக்கு எண்பத்திரண்டுதான் இருந்தது. கால்குலேட்டர் அவர்கள் கையில் இருந்தது. அந்த அறையில் அன்று நான் அதிகம் பேசவில்லை.

இரண்டாவது, அதிகம் வாங்குபவர் குறைவாக வாங்குபவரைப் போல எத்தனை மடங்கு வாங்குகிறார் என்ற கேள்வி. போனஸையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. எங்கள் மாதச் சம்பளத்தை மட்டும் பார்த்தால் மூன்று மடங்குக்குள் இருந்தது, பெருமையாகத்தான் இருந்தது. வருஷக் கடைசியில் நானும் தங்கையும் எடுத்துக்கொள்வதையும் நேர்மையாகச் சேர்த்தபோது 6.4 மடங்கு. சோப்பு தயாரிக்கும் டாக்டர் பிரானர்ஸ் நிறுவனத்தில் மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவரைவிட ஐந்து மடங்குக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அவர்கள் எங்களைவிடப் பல மடங்கு பெரியவர்கள். அவர்களுக்கு ஐந்து போதுமென்றால் எங்களுக்கு எதற்கு ஆறு? நான்கு என்று முடிவு செய்து எழுதி, தாள் அடுக்கும் அறைச் சுவரில் ஒட்டினோம். கீழ்ச் சம்பளத்தை இரண்டு தவணையில் ஏற்றினோம், நாங்கள் எடுப்பது குறைந்தது. அந்த வருஷம் லாபம் மெலிந்துதான் போனது. தங்கை வீட்டில் அதைப் பற்றிக் கொஞ்சம் பேச்சும் வந்தது. ஆனால் அதற்கப்புறம் இதுவரை ஒருவர்கூட வேலையை விட்டுப் போகவில்லை. புதிதாக ஒருவரைப் பழக்கி நேராகத் தைக்க வைக்க மூன்று மாதம் ஆகும் தொழிலில் அது சின்ன விஷயம் கிடையாது.

வாடிக்கையாளர் பகுதி எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் தரவில்லை. புகார் வந்தால் பதிவு செய்கிறீர்களா, தரத்தைச் சோதிக்கிறீர்களா என்ற அளவில் முடிந்துவிட்டது.

சுற்றுச்சூழல் பகுதிக்கு வருகிறேன். இதில் நாங்கள் நிறைய வாங்குவோம் என்று நினைத்தது நான் மட்டுமல்ல, எல்லோரும். மறுசுழற்சித் தாள் அல்லவா? 'ஆதாரம்?' என்றது கேள்வி. மரமும் தாளும் பொறுப்பான இடத்திலிருந்து வந்தவை என்று காட்டும் எஃப்எஸ்சி சான்று 1990-களில் தொடங்கியது. அதில் நூறு சதவீதம், கலவை, மறுசுழற்சி என்று மூன்று வகை முத்திரை உண்டு. ஆலையில் சான்று இருந்தால் மட்டும் போதாது. கை மாறும் ஒவ்வொரு ரசீதிலும் அந்தத் தாள் எந்த வகை என்பதும் விற்பவரின் சான்று எண்ணும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். பழைய ரசீதுகளைப் புரட்டினால், மூன்றில் ஒரு பங்கில் எண்ணே இல்லை. அந்தத் தாள் உண்மையில் மறுசுழற்சித் தாளாகவே இருந்திருக்கலாம், ஆனால் அதை நிரூபிக்க எனக்கு வழியில்லை. வாடிக்கையாளரிடம் ஆறு வருஷமாக நூறு சதவீதம் என்று சொல்லியிருக்கிறோம். அட்டையில் அச்சடித்த அந்த வரியை அடுத்த அச்சிலேயே எடுத்துவிட்டோம், தாள் கொடுப்பவரையும் மாற்றினோம். இப்போது எண் இல்லாத ரசீது வந்தால் தாள் வண்டியை விட்டு இறங்காது.

அடுத்து, கழிவை அளந்து எழுதி வைக்கிறீர்களா என்ற கேள்வி. இல்லை. வெட்டுத்துண்டு எல்லாம் பழைய தாள் எடுக்கிறவரிடம்தானே போகிறது, அதில் என்ன கழிவு என்ற எண்ணம். சரி, ஒரு மாதம் அளந்து பார்ப்போம் என்று ஒரு தராசை வாங்கி கட்டிங் மெஷின் பக்கத்தில் வைத்தோம். கட்டிங் பார்க்கும் அண்ணன்தான் வெட்டுத்துண்டைத் தனித்தனிச் சாக்கில் போடலாம் என்றார்: தாளை முதலில் வெட்டும்போது விழும் பட்டை ஒரு சாக்கு, தைத்த நோட்டின் ஓரம் சீவும்போது விழுவது ஒரு சாக்கு, அச்சுப் பிழையானது ஒரு சாக்கு. மாதக் கடைசியில் எழுதிப் பார்த்தோம். 900 கிலோ தாளில் கழிவு 123 கிலோ. ஓரச் சீவல் 66, பிழை அச்சு 15, பட்டை 42.

ஓரம் சீவாமல் நோட்டு வராது. பிழை அச்சைக் குறைக்கலாம், முழுதாக ஒழிக்க முடியாது. அந்த 42 கிலோ பட்டை எதற்கு? அண்ணன் ஒரு முழுத் தாளை மேஜையில் விரித்து, அளவுகோலை வைத்துக் காட்டினார். தாளின் நீளம் 86 சென்டிமீட்டர். எங்கள் நோட்டுக்கு ஓரச் சீவலோடு சேர்த்து 20.5 சென்டிமீட்டர் வெட்டுகிறோம். நாலு வெட்டினால் 82. மிச்சம் 4 சென்டிமீட்டர், ஒவ்வொரு தாளிலும், ஆறு வருஷமாக. அந்த அளவு எப்படி வந்தது என்று யோசித்தால், முதல் ஆர்டர் கொடுத்தவர் வைத்திருந்த பெட்டிக்குப் பொருந்த வெட்டியது. அவர் எங்களிடம் வாங்குவதை நிறுத்தி ஐந்து வருஷம் ஆகிறது. நோட்டின் உயரத்தை 1 சென்டிமீட்டர் கூட்டினோம், அவ்வளவுதான். பட்டை விழுவது நின்றுவிட்டது. அதே தாள், அதே எண்ணிக்கை, எழுதுகிறவருக்கு ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றரை வரி கூடுதல்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வெளிநாட்டுக் கேள்வித்தொகுப்பு வேண்டுமா என்று யாராவது கேட்கலாம். வேண்டியதில்லைதான். ஒரு தராசு போதும். ஆனால் ஆறு வருஷமாகத் தராசு வாங்கவில்லை. யாரோ கேட்ட பிறகுதான் வாங்கினோம்.

இனி குறைகள். சிறு தொழிலுக்கு இந்தக் கேள்விகள் தோதாக இல்லை என்று பல இடங்களில் தோன்றியது. 'எழுதப்பட்ட கொள்கை உண்டா' என்பது திரும்பத் திரும்ப வந்தது. பதினொரு பேர் ஒரே கூரைக்குக் கீழே முகம் பார்த்து வேலை செய்யும் இடத்தில் எல்லாவற்றுக்கும் கொள்கைத்தாள் எழுதுவது செயற்கையாக இருக்கிறது. நல்ல தாளாக எழுதி அலமாரியில் வைத்துவிட்டு நடைமுறையில் ஒன்றும் செய்யாதவரும் அந்த இடத்தில் மதிப்பெண் எடுத்துவிட முடியும். சான்றுக்குப் போனால் சரிபார்ப்பார்கள், ஆனால் சும்மா செய்து பார்க்கிறவருக்கு அவருடைய மனசாட்சிதான் சரிபார்ப்பு.

இதைவிடப் பெரிய குறை, பழைய முறையில் ஒரு பகுதியில் வாங்கிய மதிப்பெண் இன்னொரு பகுதியின் ஓட்டையை மூடிவிடும். மொத்தம் 80 வந்தால் போதும். சூரிய மின்சாரம் போட்டு, நன்கொடை கொடுத்து, கூலியில் கோட்டை விட்டாலும் கூட்டுத்தொகை அதைக் காட்டிக்கொடுக்காது. பெரிய பன்னாட்டு நிறுவனங்களின் கைக்குள் இருப்பவற்றுக்கும் முத்திரை கிடைக்கத் தொடங்கியபோது எழுந்த எதிர்ப்புக்கு இதுவும் ஒரு காரணம். நான் மேலே சொன்ன டாக்டர் பிரானர்ஸ், மிக அதிக மதிப்பெண் வைத்திருந்த நிறுவனங்களில் ஒன்று. சான்றைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று 2025-இல் அறிவித்து வெளியேறியது. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

2025 ஏப்ரலில் பி லேப் புதிய தரநிலையை வெளியிட்டது. மொத்த மதிப்பெண் முறை போய்விட்டது. நோக்கமும் நிர்வாகமும், பருவநிலை, மனித உரிமை, நியாயமான வேலை, சமத்துவமும் எல்லோருக்கும் இடமும், இயற்கையைப் பேணுதலும் பொருட்களின் மறுபயன்பாடும், அரசோடான உறவும் கூட்டுச் செயல்பாடும் என்று ஏழு தலைப்புகள். ஒவ்வொன்றிலும் குறைந்தபட்சம் இவ்வளவு செய்தே ஆக வேண்டும். ஒன்றில் கூடியதை இன்னொன்றில் கழித்துக்கொள்ள முடியாது. சரியான திருத்தம்.

கடைசியாக, எங்களை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி. நாளைக்கு உரிமையாளர் மாறினாலும் உங்கள் நோக்கம் மாறாமல் இருக்கச் சட்டப்படி ஏதாவது செய்திருக்கிறீர்களா? இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. பி லேப்பை 2006-இல் தொடங்கிய மூவரில் ஜே கோன் கில்பெர்ட், பார்ட் ஹுலஹான் இருவரும் அதற்கு முன் ஆண்ட் ஒன் என்ற கூடைப்பந்துக் காலணி நிறுவனத்தை நடத்தியவர்கள். பணியாளர்களுக்கும் சமூகத்துக்கும் நிறையச் செய்த நிறுவனம். 2005-இல் அதை விற்றார்கள். விற்ற சில மாதங்களிலேயே அவர்கள் பல வருஷம் கட்டிக்காத்த அந்தப் பழக்கங்களைப் புதியவர்கள் எடுத்துவிட்டார்கள். மூன்றாமவர் ஆண்ட்ரூ கசோய். அடுத்த வருஷமே, 2007-இல், முதல் 82 நிறுவனங்கள் சான்று வாங்கின. 2025-இல் எண்ணிக்கை ஒன்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. 2010-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம், லாபத்தோடு பொதுநன்மையையும் நிறுவனத்தின் சட்டபூர்வ நோக்கமாக எழுதிக்கொள்ள வழி செய்யும் முதல் சட்டத்தை இயற்றியது. உடை தயாரிக்கும் படகோனியா நிறுவனம் 2022-இல் இன்னும் ஒரு படி போனது. வாக்குரிமை உள்ள 2 சதவீதப் பங்குகள் நோக்கத்தைக் காக்கும் அறக்கட்டளைக்கு, மீதி 98 சதவீதம் சுற்றுச்சூழலுக்காக வேலை செய்யும் அமைப்புக்கு என்று, நிறுவனரின் குடும்பம் மொத்த நிறுவனத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டது.

நாங்கள் படகோனியா இல்லை. எங்களிடம் இருப்பது அண்ணன் தங்கை போட்ட ஒரு கூட்டாண்மைப் பத்திரம். ஆனால் அந்தப் பத்திரத்தை எடுத்து வாசித்தபோது தாள், கூலி, ஆட்கள் என்று ஒரு சொல் இல்லை. முதல், லாபம், பிரிந்தால் யாருக்கு எவ்வளவு, அவ்வளவுதான். எனக்கு ஏதாவது ஆகி என் பங்கு வேறு யார் கைக்காவது போனால், அடுத்த வாரமே மலிவுத் தாளும் நெடியடிக்கும் பசையும் வந்துவிடும், தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆறு வருஷமாக நாங்கள் 'நோக்கம்' என்று சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் இருவருடைய விருப்பமாக மட்டும் இருந்திருக்கிறது. வக்கீலிடம் போய் மூன்று வரி சேர்த்தோம்: நான்கு மடங்கு வரம்பு, சான்று எண் உள்ள தாள், பட்டறையை விற்பதாக இருந்தால் முதலில் வேலை செய்பவர்களைக் கேட்பது. மாற்றுவதானால் வேலை செய்பவர்களில் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்ள வேண்டும். வக்கீல் இரண்டு முறை, "நிச்சயமாத்தானா?" என்று கேட்டுவிட்டுத்தான் தட்டச்சு செய்யக் கொடுத்தார்.

யாருக்கு இதைச் சொல்வேன்? தொழில் தொடங்கி ஒரு வருஷமாவது ஆனவர்களுக்கு. அதற்கு முன் அளக்க ஒன்றும் இருக்காது. முத்திரை வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் போகாதீர்கள், முதல் மாதமே சலித்துப்போகும். கடைசிப் பன்னிரண்டு மாத மின்கட்டண ரசீது, கொள்முதல் ரசீது, சம்பளப் பதிவு மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். பணியாளர் பற்றிய கேள்விகளிலிருந்து ஆரம்பியுங்கள், அவர்களை வைத்துக்கொண்டே ஆரம்பியுங்கள். தனியாக ஒருவர் செய்தால் ஓரிரு நாளில் முடிந்துவிடும். எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரத்தைக் குறைக்க நினைக்க வேண்டாம்.

இரண்டாவது முறை எங்களுக்கு வந்தது 76.1. எண்பதைத் தொடவில்லை, சான்றுக்கும் விண்ணப்பிக்கவில்லை. புதிய ஏழு தலைப்புகளில் பருவநிலையில்தான் நாங்கள் பலவீனம்; மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பதில் இல்லாமல் அதில் கால் வைக்க முடியாது. மொத்தமாக வாங்கும் அந்த நண்பருக்கு இரண்டு மதிப்பெண் பட்டியலையும், கழிவுக் கணக்கையும், சான்று எண் இல்லாத பழைய ரசீதுகள் பற்றிய ஒரு பக்கத்தையும் சேர்த்து அனுப்பினேன். அவர் அந்தக் கடைசிப் பக்கத்தைத் தன் கடையில் நோட்டு அடுக்கும் தட்டுக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறார்.